இரண்டு ஸ்ட்ரெச்சர், ஒரு விமானி: வலேரி ஆந்த்ரே பறந்த கணக்கு

ஹில்லர் 360 என்ற ஹெலிகாப்டரின் படத்தைத் தேடிப் பாருங்கள். முன்னால் சின்னதாக ஒரு கூண்டு, பின்னால் ஒல்லியான வால், மேலே சுழலும் இரண்டு இறக்கை, அவ்வளவுதான். எஞ்சினின் சக்தி 178 குதிரைத்திறன். இன்றைக்கு நம் சாலைகளில் ஓடும் சில பெரிய கார்களுக்கு அதைவிட அதிகம் உண்டு. கூண்டின் இரண்டு பக்கமும் வெளியே ஒவ்வொரு ஸ்ட்ரெச்சரைக் கட்டி, அதில் அடிபட்டவர்களைப் படுக்கவைத்து, வயலுக்கும் காட்டுக்கும் மேலே தூக்கிக்கொண்டு வரவேண்டும். 1950-களின் தொடக்கத்தில் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) பிரெஞ்சு ராணுவ டாக்டர் வலேரி ஆந்த்ரே இதை 129 முறை செய்தார். 165 பேரை மீட்டார்.

இந்த இரண்டு எண்களையும் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு தடவைக்குச் சராசரியாக ஒன்றேகால் ஆள். எவ்வளவு பெரிய ஆபத்துக்குள் போனாலும் திரும்பும்போது ஒருவர், மிஞ்சினால் இருவர். அப்படியென்றால் அந்த ஒருவர் யார் என்பதை அங்கே தரையில் நின்று யாராவது முடிவுசெய்ய வேண்டும். பிரான்ஸின் முதல் பெண் ஜெனரல் என்ற பட்டத்தைச் சொல்லி அவரைப் பற்றிய பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தப் பட்டத்தைவிட, ஒரு டாக்டர் எதற்காக ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார், அது ஏன் அவ்வளவு பயன்பட்டது என்ற கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1922 ஏப்ரல் 21 அன்று ஸ்ட்ராஸ்பூரில் பிறந்தவர். அப்பா ஆசிரியர், வீட்டில் நிறையப் பிள்ளைகள். பத்து வயது வாக்கில், அன்றைய புகழ்பெற்ற பெண் விமானி மரிஸ் ஹில்ஸ் ஊருக்கு வந்து இறங்கியபோது அவருக்குப் பூச்செண்டு கொடுக்கும் வாய்ப்பு இந்தச் சிறுமிக்குக் கிடைத்தது. அப்போதே விமானமும் மருத்துவமும் என்று இரண்டு ஆசை மனதில் உட்கார்ந்துவிட்டது. விமானம் கற்கப் பணம் வேண்டுமே, அதற்காக மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்திருக்கிறார். அப்புறம் போர் வந்தது. ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் பகுதியை ஜெர்மனி எடுத்துக்கொண்டது, ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகமே க்ளெர்மோ-ஃபெரானுக்கு இடம்பெயர்ந்தது, அவரும் அங்கே மருத்துவம் படிக்கப் போனார். 1943 நவம்பர் 25 அன்று நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளைத்தது. ஆசிரியர்கள், மாணவர்கள் என்று நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள், பலர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆந்த்ரே தப்பித்துப் பாரிஸுக்குப் போய்விட்டார்.

பாரிஸில் படிப்பை முடித்தபோது, 1948-இல், அவர் ஆய்வுக்கு எடுத்த தலைப்பு பாராசூட்டில் குதிப்பவர்களுக்கு வரும் காயங்கள். சும்மா புத்தகம் படித்து எழுதவில்லை, தானும் குதிக்கக் கற்றுக்கொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உடம்புக்கு என்ன ஆகிறது என்பதையும் இயந்திரம் என்ன செய்கிறது என்பதையும் சேர்த்தே யோசிக்கும் பழக்கம் அவரிடம் அப்போதே இருந்தது.

இந்தோசீனாவில் டாக்டர்கள் போதவில்லை என்ற அழைப்பு வந்தபோது தாமாகவே முன்வந்து கேப்டன் நிலையில் போனார். மெகாங் கழிமுகத்தில் இருக்கும் மீ தோ மருத்துவமனையில் முதலில் வேலை. பிறகு சைகோன் ராணுவ மருத்துவமனையில், மூளை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் உதவி மருத்துவர். (சைகோன் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊர் இல்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருந்து போன தமிழ்க் குடும்பங்கள் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் அங்கே அரசு வேலையிலும் வியாபாரத்திலும் இருந்தார்கள், அங்கே ஒரு மாரியம்மன் கோயில்கூட இன்றும் இருக்கிறது.)

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அது காலனியைக் கையில் வைத்துக்கொள்ள பிரான்ஸ் நடத்திய போர். எதிரில் இருந்தவர்கள் தங்கள் நாட்டின் விடுதலைக்காகப் போராடியவர்கள். ஆந்த்ரே அந்தப் படையின் அதிகாரி, அந்தச் சீருடையைத்தான் போட்டிருந்தார். அவருடைய வேலையை நான் மதிக்கிறேன், அந்தப் போரை மதிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் இந்தக் கதையைப் படிக்க முடியும்.

அங்கே மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. வந்து சேருவதுதான் பாடு. வயல், சேறு, காடு, மலை. சாலை இருந்தால் அதில் பதுங்கித் தாக்குவார்கள். அடிபட்டவரை மூங்கில் படுக்கையில் வைத்து ஆள்கள் சுமந்து வரவேண்டும், மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். வயிற்றில் குண்டு பட்டவருக்குக் குடல் கிழிந்திருந்தால் சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு முழுக்கச் சீழ் பிடித்துவிடும். தலையில் அடிபட்டவருக்கும் அதே அவசரம். மூளை அறுவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்த டாக்டருக்கு, தன் மேஜைக்கு வந்தவர்களைவிட வராமலே போனவர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்திருக்கும். ஒரு தடவை, 1950-இல், லாவோஸில் ஒரு தொலைதூர இடத்துக்கு அவரே பாராசூட்டில் குதித்துப் போய்ச் சிகிச்சை கொடுத்தார். அதிலும் சிக்கல் இருக்கிறது. டாக்டர் போய்விடலாம், ஆனால் பாராசூட்டில் யாரையும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சின்ன விமானங்களை இதற்குப் பயன்படுத்தினார்கள், அவற்றுக்கும் கொஞ்சமாவது சமமான ஓடுபாதை வேண்டும்.

அதே 1950-இல் பிரெஞ்சு ராணுவத்தின் மருத்துவப் பிரிவு இரண்டு ஹில்லர்களை வாங்கி சைகோனுக்குக் கொண்டுவந்தது. இரண்டே இரண்டுதான். லெப்டினன்ட் அலெக்சிஸ் சாந்தினி என்ற விமானி அந்த ஆண்டே ஹெலிகாப்டரில் அடிபட்டவர்களைக் கொண்டுவரத் தொடங்கினார். சைகோனின் 'தான் சன் நுத்' விமான நிலையத்தில் நடந்த செயல்விளக்கத்தைப் பார்த்த ஆந்த்ரேவுக்கு உடனே புரிந்துவிட்டது, தன் இரண்டு ஆசையும் ஒரே இருக்கையில் வந்து சேர்ந்திருக்கின்றன என்று. பிரான்ஸுக்குப் போய், பாரிஸுக்கு வடமேற்கில் பொந்துவாஸ் பக்கத்தில் இருக்கும் கோர்மெய்-அன்-வெக்ஸாங் தளத்தில் ஹில்லர் ஓட்டக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்.

இனி நான் சொல்ல வந்த கணக்குக்கு வருகிறேன்.

ஹெலிகாப்டர் தூக்கும் எடை நிலையானது இல்லை. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும், இறக்கைக்குப் பிடிப்பு குறையும், பிஸ்டன் எஞ்சினும் சோர்ந்துபோகும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் மோசம். உயரமான இடம் என்றால் அதற்கும் மேல். இந்தோசீனாவில் இவை எல்லாம் சேர்ந்தே இருந்தன. ஹில்லரின் மொத்த எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல், அதிலும் பெரும் பங்கு இயந்திரத்துக்கே போய்விடும். மிச்சத்தில் எரிபொருள், விமானி, அடிபட்டவர்கள் எல்லாரும் அடங்க வேண்டும். ஒரு விமானியும் ஒரு டாக்டரும் சேர்ந்து போனால் என்ன ஆகும்? டாக்டர் 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நோயாளியின் எடை அது. டாக்டரை அழைத்துப் போனால் ஒரு ஸ்ட்ரெச்சரைக் காலியாகக் கொண்டுவர வேண்டியிருக்கும். டாக்டரை விட்டுவிட்டுப் போனால், அங்கே இறங்கியதும் காயத்தைப் பார்த்து முடிவெடுக்க ஆளில்லை. டாக்டரே விமானியாக இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதற்கும் மேல் ஆந்த்ரே சின்ன உருவம், எடை குறைவு. அவர் குறைந்த ஒவ்வொரு கிலோவும் எரிபொருளாகவோ நோயாளியாகவோ மாறும். பெண்ணுக்கு உடம்பில் தெம்பு போதாது என்று ராணுவங்கள் காலங்காலமாகச் சொல்லிவந்த இடத்தில், அந்த உடம்பின் அளவே சாதகமாக வந்து நின்றது. தராசுக்கு ஆண் பெண் தெரியாதில்லையா!

அடுத்தது, டாக்டர் விமானியாக இருப்பதால் பறக்கும்போது சிகிச்சை கொடுக்க முடியுமா என்றால், முடியாது. அடிபட்டவர்கள் கூண்டுக்கு வெளியே, காற்றில் படுத்திருக்கிறார்கள். கையை நீட்டி நாடி பார்க்கக்கூட வழியில்லை. விமானியின் கைக்கும் ஓய்வில்லை. அந்தக் கால ஹில்லரில் திசையைக் கட்டுப்படுத்தும் தண்டு மேலேயிருந்து தொங்கும், அதை ஒரு கையில் பிடிக்க வேண்டும். இறக்கையின் கோணத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோல் இன்னொரு கையில், அதன் முனையில் மோட்டார் சைக்கிள் ஆக்சிலரேட்டர் மாதிரி திருகும் பிடி. எஞ்சின் வேகத்தை விமானியே ஒவ்வொரு நொடியும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும், தானாகச் சரிசெய்யும் கருவியெல்லாம் அப்போது கிடையாது. கால் இரண்டும் வால் விசிறிக்கான மிதியில். ஒன்றை அசைத்தால் மற்ற மூன்றையும் அசைக்க வேண்டும். அதனால் டாக்டர் என்ற தகுதியின் முழுப் பயனும் தரையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். யாரை முதலில் ஏற்றுவது, யார் இன்னும் இரண்டு மணி நேரம் தாங்குவார், யாருக்கு இங்கேயே கட்டுப்போட்டு ரத்தத்தை நிறுத்திவிட்டு அப்புறம் ஏற்றலாம், யாரை ஏற்றினால் வழியிலேயே போய்விடுவார். கத்திக் கூப்பிடுபவர் அவ்வளவு மோசமான நிலையில் இல்லாமல் இருக்கலாம், சத்தமே போடாமல் கிடப்பவரைத்தான் முதலில் எடுக்க வேண்டியிருக்கலாம். இது தெரியாத விமானி, எதிரில் இருப்பவர்கள் யாரைத் தூக்கிக் கொடுக்கிறார்களோ அவரை ஏற்றிக்கொண்டு போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றேகால் ஆள் என்ற கணக்கில், தப்பான ஆளை ஏற்றுவது இன்னொருவரின் உயிர்.

1951 டிசம்பரில் து வு என்ற இடத்தில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஹனோய்க்கு மேற்கே கருப்பு ஆற்றின் கரையில் இருந்த பிரெஞ்சுக் காவல் நிலையின் மேல் பிரான்ஸை எதிர்த்துப் போராடிய வியட் மின் விடுதலைப் படை இரவில் பெரும் தாக்குதல் நடத்தியது. அடிபட்டவர்கள் நிறைய. பறக்கும் நிலையில் இருந்த ஒரே ஹெலிகாப்டரோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, சைகோனில். அதைப் பறந்தே கொண்டுபோவது நடக்காத காரியம். அதனால் ஹில்லரைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒரு சரக்கு விமானத்தில் ஏற்றி, ஹனோய்க்குக் கொண்டுபோய் மறுபடியும் பூட்டினார்கள். ஆந்த்ரே அதை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் து வு போய் இறங்கினார். அடிபட்டவர்களைப் பார்த்து வரிசைப்படுத்தினார், மிக அவசரமான சிலருக்கு அங்கேயே அறுவைச் சிகிச்சை செய்தார், மற்ற அவசரக்காரர்களை இரண்டிரண்டு பேராக ஹனோய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பத் திரும்பப் போய்வந்தார். ஒரு தடவை போய் மாட்டிக்கொள்ளாமல் வந்துவிடுவது ஒருவகைத் துணிச்சல் என்றால், என்ன இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தபிறகு அதே இடத்துக்கு மறுபடி போவது வேறுவகை. எனக்கு அந்த இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஹில்லருக்குக் கவசம் கிடையாது, துப்பாக்கி கிடையாது, வேகமும் மணிக்கு நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். மேலே சண்டை விமானங்கள் வட்டமிட்டுக் காவல் காக்க, கீழே இது தனியாக இறங்கும். படைவீரர்கள் இதற்கு வைத்த பெயர் 'வாந்திலாத்தர்', பிரெஞ்சு மொழியில் மின்விசிறி. வானொலியில் அழைப்புப் பெயரும் அதுவே. அந்தப் பெயர் கடைசியில் ஆந்த்ரேவுக்கே ஒட்டிக்கொண்டது, 'விசிறியம்மா' என்று நாம் சொல்வதுபோல.

அதே ஆண்டுகளில் கொரியாவில் அமெரிக்கர்களும் பெல் 47 ஹெலிகாப்டரில் வெளியே ஸ்ட்ரெச்சர் கட்டி இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் இயந்திரம் நிறைய இருந்தது, உதிரிப் பாகம் இருந்தது, ஆள் இருந்தது. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்ததோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். எதுவும் போதாத அந்த நிலைமையில்தான் ஒரே ஆள் இரண்டு வேலையைப் பார்க்கும் யோசனைக்கு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். எல்லாம் தாராளமாக இருந்திருந்தால், பெண் டாக்டர் ஒருவர் ஹெலிகாப்டர் கேட்டு வந்து நின்றபோது யாராவது ஒரு ஃபைலைக் காட்டி முடியாது என்றிருப்பார்கள்.

பெண்கள் ஹெலிகாப்டர் ஓட்டுவது அப்போது எவ்வளவு அரிது என்பதையும் பார்த்துவிடலாம். 1938-இல் பெர்லினில் ஒரு மூடிய அரங்கத்துக்குள்ளேயே ஜெர்மன் விமானி ஹன்னா ரைட்ச் ஹெலிகாப்டரை ஓட்டிக் காட்டினார், நாஜி ஆட்சியின் விளம்பரத்துக்காக. அமெரிக்காவில் ஆன் ஷா கார்ட்டர் 1947-இல் உரிமம் வாங்கினார். 1955-இல் ஜீன் ராஸ் ஹோவர்டு என்ற அமெரிக்க விமானி பெண் ஹெலிகாப்டர் விமானிகளுக்கென்று 'வர்லி கேர்ள்ஸ்' சங்கத்தைத் தொடங்கியபோது, அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி மூன்று நாடுகளையும் சேர்த்து 13 பேர்தான் உறுப்பினர்கள். மருத்துவமனைகளுக்குப் பக்கத்திலேயே ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டும் என்று அந்தச் சங்கம் பல ஆண்டுகள் குரல் கொடுத்தது. ஆந்த்ரே போரில் கண்ட அதே விஷயத்தைத்தான் அவர்கள் ஊருக்குள் கேட்டார்கள்.

இந்தோசீனாவிலிருந்து திரும்பியபின் பிரெத்தின்யியில் இருந்த விமானச் சோதனை மையத்தில் டாக்டராக வேலை. அதன்பின் அல்ஜீரியா, அங்கேயும் இன்னொரு காலனிப் போர். முந்நூறுக்கும் மேற்பட்ட முறை பறந்தார். இயந்திரங்கள் மாறியிருந்தன. டர்பைன் எஞ்சின் வைத்த அலுவெட் 2 வந்துவிட்டது, பெரிய சிக்கோர்ஸ்கி ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன, டாக்டரையும் விமானியையும் நோயாளிகளையும் சேர்த்தே தூக்க முடிந்தது. இந்தோசீனாவில் அவரை அவசியமாக்கிய எடைக் கணக்கு அங்கே தளர்ந்துபோனது. ஆனாலும் அவர் விமானியாகவே நீடித்தார், யாரும் இறக்கிவிடவில்லை.

அலுவெட் 2 பற்றி ஒரு சின்னத் தகவல். அதன் உடலையும் அலுவெட் 3-இன் எஞ்சினையும் சேர்த்து உருவானதுதான் லாமா என்ற ஹெலிகாப்டர், அதை இந்தியாவில் தயாரிக்கும்போது வைத்த பெயர் சீட்டா. 1999 கார்கில் போரில் குஞ்ஜன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் அடிபட்டவர்களை மலையிலிருந்து இறக்கியது அந்தச் சீட்டாவில்தான். ஆந்த்ரே ஓட்டிய இயந்திரத்தின் அடுத்த தலைமுறை, அதே வேலை, ஓட்டியது மறுபடியும் பெண்கள்.

பிரான்ஸில் அவருடைய பதவி மெதுவாக ஏறியது. வில்லாகுப்லே விமானத் தளத்தில் தலைமை மருத்துவர், பிறகு கர்னல், 1976-இல் ஜெனரல். பிரெஞ்சு ராணுவ வரலாற்றில் அந்த நிலைக்கு வந்த முதல் பெண் அவர். அப்போது அவர் கணக்கில் ஏறத்தாழ 3,200 மணி நேரப் பறப்பு, போரில் காட்டிய துணிச்சலுக்கான ஏழு பாராட்டுகள். இந்தோசீனாவில் அவருக்கு முன்னால் பறந்துகாட்டிய சாந்தினியை 1963-இல் திருமணம் செய்துகொண்டிருந்தார்.

ஜெனரல் ஆன ஒருவர், வாங்கிய பதக்கங்களோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். 1981-இல் ஓய்வுபெற்ற காலத்தில் அவர் எடுத்துக்கொண்ட வேலை வேறு. ராணுவத்தில் பெண்களின் எதிர்காலம் என்ன என்று ஆராய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். இது மேடையில் கைதட்டல் வாங்கும் வேலை இல்லை. எந்தப் பிரிவில் எத்தனை சதவீதம், எந்தப் பணிக்கு அனுமதி, எந்தப் பணிக்குத் தடை, பதவி உயர்வு எப்படி என்று விதி விதியாகப் பார்க்க வேண்டிய வேலை. ஒரு தனி ஆள் விதிவிலக்காக உள்ளே வந்துவிடலாம், அடுத்து வருபவருக்கும் விதிவிலக்குத் தேவைப்பட்டால் கதவு இன்னும் மூடித்தான் இருக்கிறது என்று பொருள். 1983-இல் விமான, விண்வெளித் துறைக்கான அகாடமி தூலூஸில் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவராகவும் இருந்தார்.

அந்த மாற்றம் எவ்வளவு நாள் எடுத்தது பாருங்கள். ராணுவத்தில் பெண்களுக்கு இருந்த ஒதுக்கீட்டு வரம்புகள் 1998-இல்தான் நீக்கப்பட்டன. பிரெஞ்சு விமானப்படையின் முதல் பெண் போர் விமானியாக கரோலின் ஏக்ல் தகுதி பெற்றது 1999-இல். து வுவில் ஆந்த்ரே இறங்கி ஏறக்குறைய 48 ஆண்டுகள் கழித்து! ஒரு பெண்ணால் சண்டைக்கு நடுவே விமானம் ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடை 1951-லேயே அதே நாட்டின் பறப்புப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. இந்த இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. விடை இல்லாததால் வந்த தாமதம் இல்லை இது, விடையைத் திறந்து படிக்காததால் வந்தது. அதே 1999-இல்தான் ஆந்த்ரேவுக்கு பிரான்ஸின் உயரிய விருதான லெஜியன் தொனரின் மிக உயர்ந்த நிலையான கிராண்ட் கிராஸ் கொடுத்தார்கள்.

சாந்தினி 1997-இல் இறந்தார். ஆந்த்ரே அதன்பின்னும் நீண்ட காலம் இருந்தார், 2025 ஜனவரி 21 அன்று, 102 வயதில் மறைந்தார். கடைசிவரை வாழ்ந்தது பாரிஸை ஒட்டிய ஈசி-லெ-மூலினோவில். பாரிஸின் ஹெலிகாப்டர் தளம் அந்த ஊரின் பெயரில்தான் இருக்கிறது.